எதிரே வந்த வெளிச்சம்

மதியம் கடையை அடைத்துவிட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் காரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடம், ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனியாக இருந்த கொட்டகை. ஐஸ் போய் எத்தனையோ காலமாகியும் உள்ளே ஈரம் மட்டும் போகவில்லை. சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. வாசலில் இருந்த இரும்பு ஷட்டரை இறக்கிவிட்டால் உச்சி வெயில் நேரத்திலும் உள்ளே கும்மிருட்டு.

அந்தக் கொட்டகையில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவரை எல்லாரும் 'ஜீரோ வாட்' என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்கிற கார்களுக்கெல்லாம் பளிச்சென்று விளக்குப் போட்டுவிடுகிற மனுஷன், தன் கொட்டகையில் மட்டும் ஒரு அழுமூஞ்சி பல்பைத் தொங்கவிட்டுக் கரண்ட்டை மிச்சம் பிடிப்பார். அதனால் வந்த பெயர். அவருக்கும் அதில் வருத்தமில்லை, போனை எடுத்தால் "ஜீரோ வாட் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"வாங்க சார், வாங்க. கண்ணு டாக்டரே நம்ம இடத்துக்கு வந்துட்டீங்க."

"டாக்டர் எல்லாம் இல்லப்பா, கண்ணாடிக்கடைதான்" என்றார் கடைக்காரர். டாக்டர் என்று கூப்பிட்டால் அவருக்கு உள்ளுக்குள் குளிரும். மறுப்பது சும்மா ஒப்புக்குத்தான்.

அவர் அங்கே வந்த காரணத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் மனைவியோடு வீடு திரும்பும்போது, சாலை நடுவே இருந்த கல்தடுப்பை அவர் பார்க்கவே இல்லை. "என்னங்க, கல்லு! கல்லு!" என்று மனைவி போட்ட கூச்சலில் மயிரிழையில் வண்டி தப்பியது.

"முதல்ல உங்க கண்ணை யார்கிட்டயாவது கொண்டுபோய்க் காட்டுங்க" என்றாள் மனைவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"என் கண்ணுக்கு என்ன கேடு? வண்டியில லைட்டு மங்கிப்போச்சு."

சொன்ன மாத்திரத்திலேயே அது பொய் என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷமாகவே தெருவிளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வட்டம் வட்டமாய்ப் புகை படர்கிறது. இருட்டினால் எல்லாமே எண்ணெய்த் தாள் வழியாகப் பார்ப்பது போலத்தான். இதே கோளாறோடு கடைக்கு வருகிறவர்களிடம், "பயப்படாதீங்க, புரைதான், சின்ன ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர் அவர். தனக்கு என்று வந்தபோது வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரனுக்கே கண் தெரியவில்லை என்று நாலு பேர் பேசினால் கடைக்கு எவன் வருவான்? அந்த வெட்கத்தில்தான் கண்ணை விட்டுவிட்டு விளக்கை மாற்றக் கிளம்பினார்.

ஜீரோ வாட் மூன்று டப்பாக்களைக் கொண்டுவந்து காரின் பானெட் மேல் பரப்பினார்.

"செனான் பல்பு சார். இது லேசா மஞ்சள் அடிக்கும், மழையில கூட ரோடு நல்லாத் தெரியும். இது சுத்த வெள்ளை. இந்த நீலம் இருக்கே, பாக்க ஷோக்கா இருக்கும், ரோடுதான் தெரியாது. பொண்ணு பாக்கப் போற பசங்க கேப்பானுங்க."

"ரொம்பத் தூரம் தெரியணும்பா. எது பவர் ஜாஸ்தி?"

"வெள்ளையிலேயே அம்பத்தஞ்சு வாட் இருக்கு. ஆனா ஒண்ணு சார்." ஜீரோ வாட் காரின் முன்விளக்கைத் தட்டிக் காட்டினார். "உங்க வண்டியில இந்தக் கிண்ணம் பழைய பல்புக்குன்னு அளவு பாத்துச் செஞ்சது. இதுல செனானை மாட்டினா வெளிச்சம் ஒரு கட்டுக்குள்ள நிக்காது, நாலாப் பக்கமும் சிதறும். லென்ஸ் வச்ச செட்டா மாத்திட்டா அந்தத் தொல்லை இல்ல. ஒரு நாள் வண்டியை விட்டுட்டுப் போகணும்."

"அதெல்லாம் வேணாம். பல்பை மட்டும் போடு."

"உங்களுக்குத் தெரியாததா சார்" என்று ஜீரோ வாட் தோளைக் குலுக்கினார். வேண்டாம் என்கிறவரிடம் எத்தனை தடவைதான் சொல்வது?

கடைக்காரருக்குத் தெரியாமல் இல்லை. சிதறுகிற வெளிச்சம் கண்ணுக்குள் போய் என்ன செய்யும் என்று தினமும் வருகிறவர்களுக்குப் படம் வரைந்து காட்டுகிறவர் அவர்.

பழைய பல்புகளைக் கழற்றி, புதியவற்றைத் துணியால் பிடித்து, விரல் படாமல் உள்ளே செருகினார் ஜீரோ வாட். பானெட்டுக்குள் ஒரு பக்கமாக இரண்டு சின்ன இரும்புப் பெட்டிகளைத் திருகி வயரை இழுத்தார். பிறகு ஷட்டரை இறக்கினார். கொட்டகை இருண்டது. பழைய ஈரத்தின் வாடை அந்த இருட்டில் இன்னும் கெட்டியாக மூக்கில் ஏறியது.

சுவிட்சைப் போட்டதும் விளக்கு உடனே எரியவில்லை. உள்ளே ஏதோ ரீங்காரமிட்டது. முதலில் ஊதாவாக ஒரு துடிப்பு, பிறகு நீலம், அப்புறம் மெல்ல மெல்ல ஏறி, எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளையாக வெளுத்தது. சுவரில் வழிந்த ஒவ்வொரு ஈரக்கோடும் தெரிந்தது. கடைக்காரருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். எத்தனை நாளாயிற்று, இருட்டில் ஒரு பொருளை இவ்வளவு தெளிவாகப் பார்த்து!

சுவரில் விளக்கு மட்டத்துக்கு ஒரு கரிக்கோடு போட்டிருந்தது. விளக்குக்குப் பின்னால் இருந்த திருகாணியைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தைக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இறக்கி வைத்தார் ஜீரோ வாட்.

"சிதறல் இருக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் நல்லா இறக்கி வச்சிருக்கேன். தயவு செஞ்சு மேல ஏத்திடாதீங்க சார். எதிர்ல வர்றவன் பாவம்."

"சேச்சே" என்றார் கடைக்காரர்.

ஏற்றினார். அந்த வாரமே ஏற்றினார்.

அவர் குடியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே, தரைக்கு அடியில் கார் நிறுத்துகிற இடம். அங்கே பின்சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, யாரும் வருகிறார்களா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத் திருகாணியைத் திருப்பினார். கீழே இறக்கிய வெளிச்சம் அவருக்குப் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம்.  வெளிச்சம் சுவரில் ஏறி ஏறி, கூரையைத் தொட்டதும் நிறுத்தினார்.

அன்றிலிருந்து எதிரே வருகிற வண்டிகளெல்லாம் அவரைப் பார்த்து விளக்கைச் சிமிட்டின. சிலர் ஹாரனை அடித்தார்கள், ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொல்லிவிட்டே போனார். கடைக்காரர் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மறுநாள் காலையில் கடையில் உட்கார்ந்து, "இந்தக் கோட்டிங் போட்டுக்குங்கம்மா, எதிர்ல எவன் எவ்வளவு லைட்டு அடிச்சாலும் கண்ணு கூசாது" என்று விற்றார். சொல்லும்போது நாக்கு ஒரு கணம் தடுக்கியது, அவ்வளவுதான்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே கல் குவாரியை ஒட்டி ஒரு சாலை போகிறது. தெருவிளக்கு இல்லாத சாலை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மதகுப் பள்ளம். அன்று மழை பெய்து விட்டிருந்தது, கடையைச் சீக்கிரமே கட்டிவிட்டுக் கிளம்பினார். பொழுது இறங்கி, தார் கறுத்துப் பளபளத்தது. ஈரப் பாறையின் வாடை காருக்குள்ளேயே வந்தது. வளைவு திரும்பியதும் எதிரே ஒரு ஸ்கூட்டர். அதன் விளக்கு, பாவம், மின்மினி அளவுக்குத்தான்.

அவருடைய வெளிச்சம் முழுதாக அந்த ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஓட்டி வந்தவர் இடது கையைத் தூக்கி, முழங்கையை மடக்கி, கண்ணை மறைத்துக்கொண்டார்.

கடைக்காரர் அதைப் பார்த்தார். டிம் பண்ணுகிற சுவிட்ச் மேல்தான் அவர் விரல் இருந்தது.

டிம் பண்ணினால் அவருக்கு ரோடு தெரியாது.

விரல் அப்படியே இருந்தது.

ஸ்கூட்டர் பக்கத்தில் கடந்து போனது. பிறகு, பின்னால், கல்லில் இரும்பு தேய்கிற ஒரு சத்தம். நீளமான சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தார், இருட்டுத்தான் இருந்தது. பின்னால் யாராவது வருவார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கால் பிரேக்குக்குப் போகவே இல்லை.

"ஏங்க இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றாள் மனைவி, கதவைத் திறந்ததும்.

"புழுக்கம்" என்றார்.

"மழை பெஞ்சு ஊரே குளுந்து கெடக்கு. உங்களுக்கு மட்டும் புழுக்கமா?"

அவர் குளிக்கப் போனார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்த கையோடு ஒருவர் வந்து நின்றார். முன்னங்கையெல்லாம் மரத்தூள். தச்சு வேலைக்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் பிரித்தார். உள்ளே ஒரு மூக்குக் கண்ணாடி. பச்சை ஃப்ரேம். ஒரு பக்கம் லென்ஸே இல்லை. மற்றதில் நடுவிலிருந்து கீறல் ஓடியிருந்தது. காது மாட்டுகிற கம்பி வளைந்து கிடந்தது.

"இது உங்க கடையில வாங்கினதுதானே சார்?"

அவர்தான் விற்றார். போன மாதம். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண், கலகலவென்று பேசுகிறவள். "பச்சைதான் வேணும் சார், தூரத்துல வரும்போதே நான்தான்னு தெரியணும்" என்று அடம்பிடித்து வாங்கிப் போனாள். கண்ணைச் சோதித்ததும் அவர்தான். மைனஸ் பவர், கிட்டப்பார்வைதான், கொஞ்சம் ஜாஸ்தியும்கூட. ஆனால் கண்ணாடி போட்டால் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டாள்.

"அக்காவோடது சார்" என்றார் தச்சர். "நேத்து சாயங்காலம் குவாரி ரோட்டுல வண்டியோட மதகுக்குள்ள போயிட்டாங்க. இன்னைக்கு எடுக்கறோம். அதுக்குள்ள இதை சரி பண்ணிக் குடுங்க. கண்ணாடி இல்லாம அக்கா முகத்தைப் பாக்க யாரோ மாதிரி இருக்கு சார்."

கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கம்பியைச் சூடுகாட்டி நிமிர்த்தினார். பழைய சீட்டைப் பார்த்து லென்ஸை எடுத்து, விளிம்பைத் தேய்த்து, ஃப்ரேமுக்குள் அமுக்கினார். கை பாட்டுக்கு வேலை செய்தது. மூக்கின் மேல் உட்காரும் பிரிட்ஜின் இடுக்கில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கும்போது மட்டும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கொண்டுவந்து கொடுத்ததும் தச்சர் போகவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா சார்? அக்காவுக்குக் கண்ணு ரொம்ப மோசமா? இருட்டுல வண்டி ஓட்டக்கூடாத அளவுக்கா?" குரல் உடைந்தது. "ஏன்னா நான்தான் சார் அந்த ஸ்கூட்டரை வாங்கிக் குடுத்தேன். எனக்குப் பயமா இருக்குடான்னு சொன்னாங்க. நான்தான், எத்தனை நாளைக்கு பஸ்ஸுக்கு நிப்பே, ஓட்டுன்னு விரட்டினேன்."

இல்லை, உங்கள் அக்காவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வருமே? கண் நன்றாக இருந்தால் எப்படி விழுந்தாள் என்று வருமே?

"கொஞ்சம் மோசம்தான்" என்றார் கடைக்காரர். வாய் கூசவில்லை. "இருட்டுல ஓட்டாதீங்கம்மான்னு நானே சொல்லியிருந்தேன்."

தச்சர் அந்த இடத்திலேயே நெற்றியில் அறைந்துகொண்டார். ஒரு தடவை இல்லை. "என்கிட்ட சொல்லவே இல்லையே சார். நான் மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல போல இருக்கு. நானே கொன்னுட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார். கடைக்காரர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இருந்தார்.  எழுந்து போய்க் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் சுற்று வழியில் வீட்டுக்கு வந்தார். கீழ்த்தளத்தில் இறங்கித் தன் இடத்துக்குள் காரை நுழைத்தார். ஒரு ஈ காக்கை இல்லை. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

விளக்கு எதிர்ச்சுவரில் பரவியது.

சுவரில் ஒரு நிழல் இருந்தது.

ஆள் உயர நிழல். ஒரு கை தூக்கியிருந்தது. முழங்கை மடங்கி, முகத்துக்கு முன்னால்.

காருக்கும் சுவருக்கும் நடுவே யாரும் இல்லை. விளக்குக் கண்ணாடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இறங்கிப் போய்த் துணியால் துடைத்தார். பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். நிழல் அங்கேயே நின்றது.

கிட்டே போய்ப் பார்த்தார். போயிருக்க வேண்டாம்.

தூக்கிய கைக்கு மேல், கண் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு வட்டங்கள். நடுவில் இருட்டு, ஓரத்தில் மட்டும் பிரகாசமாக ஒரு வளையம். மைனஸ் பவர் கண்ணாடி வெளிச்சத்தில் அப்படித்தான் நிழல் போடும். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது. ஆனால் கண்ணாடி போட்டிருக்கிறவரின் தலை பின்னால் இருந்தால் அந்த வளையம் சுவருக்கு வராது, தலை மறைத்துவிடும். இங்கே வந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சத்தை மறைக்க ஒன்றுமே இல்லை.

வளையத்தின் அகலத்தைப் பார்த்தே அவருக்குப் பவர் தெரிந்துவிட்டது. காலையில் அவரே தேய்த்துப் போட்ட பவர்.

விளக்கை அணைத்துவிட்டு, படியில் தடுக்கி விழுந்து எழுந்து, வீட்டுக்கு ஓடினார்.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. காரை மாற்றி நிறுத்தினாலும் வெளிச்சம் விழுகிற சுவரெல்லாம் நின்றது, கையை இறக்காமல். "கை வலிக்காதா" என்று ஒரு நாள் அவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

கடைசியில் ஒரு மதியம் ஜீரோ வாட்டிடமே போனார். "இதைக் கழட்டிடுப்பா. பழையதையே போடு."

"ஏன் சார், இப்பத்தானே போட்டோம்? யாராவது புடிச்சுட்டாங்களா?"

"வேணாம்னா வேணாம். போடு."

பழைய மஞ்சள் பல்புகள் திரும்ப உள்ளே போயின. கடைக்காரர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து விளக்கைப் போட்டார். ஜீரோ வாட் ஷட்டரை இறக்கிவிட்டு, விளக்குக்குப் பின்னால் குனிந்து, திருகாணியில் கை வைத்தார். சுவரைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழல் விழுது."



"நான் உள்ளேதான்பா உக்காந்திருக்கேன்."

ஜீரோ வாட் மெல்லத் தலையைத் திருப்பி, காருக்குள் இருந்தவரைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். கொட்டகையின் சில்லிப்பு திடீரென்று கூடியது போலிருந்தது.

"அணைங்க" என்று கிசுகிசுத்தார். "சார், லைட்டை அணைங்க."

ஷட்டரை ஏற்றி வெயில் உள்ளே வந்த பிறகும் ஜீரோ வாட் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. கூலி வாங்கவில்லை. "மேல ஏத்திட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் தரையைப் பார்த்தார். "இனிமே இந்த வண்டியை இங்க கொண்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டு ஜீரோ வாட் வெளியே போய் ரோட்டோரமாக உட்கார்ந்துகொண்டார்.

செனான் பல்புகளை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்ட கையோடு, கடைக்காரர் தச்சரைத் தேடிப் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனார். அதை நம்பலாம். வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார்.

தச்சுப்பட்டறை ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. காரின் மூக்கு பட்டறையின் வெள்ளையடித்த சுவரைப் பார்த்து நின்றது. உள்ளே சீவல் குப்பைகளுக்கு நடுவே தச்சர் சும்மா உட்கார்ந்திருந்தார். இழைப்புளி ஒரு பக்கம் கிடந்தது. தாடி மண்டி, கண் குழிக்குள் போய், வந்தவர் யார் என்று தெரியவே அவருக்கு நேரம் பிடித்தது.

"சார், நீங்களா? உக்காருங்க." ஒரு முக்காலியைக் கையால் துடைத்துப் போட்டார். "வேலையில மனசே ஓடல சார். ஆணி அடிக்க எடுத்தா, நாமதானே அவளை ஓட்டச் சொன்னோம்னு வந்து நிக்குது. சாப்பாடு எறங்க மாட்டேங்குது."

"அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் கடைக்காரர்.  "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. சீட்டை எடுத்துப் பாத்தேன். உங்க அக்கா கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணாடி போட்டா ஒரு குறையும் இல்ல. இருட்டுலயும் ஓட்டலாம். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

தச்சர் வாயைத் திறந்தபடி பார்த்தார். "நிஜமாவா சார்?"

"நிஜமாத்தான்."

"அப்போ எப்படி சார் விழுந்தாங்க?"

இதோ வந்துவிட்டது அந்தக் கேள்வி. வழியெல்லாம் சேர்த்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் வாசலோடு நின்றுவிட்டன.

"எதிர்ல எவனாவது லைட்டை அடிச்சிருப்பான்" என்றார் கடைக்காரர்.  "யாரோ."

தச்சர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இதைச் சொல்றதுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களா சார்? யார் சார் வருவா? நீங்க நல்லா இருக்கணும்." அந்தச் சொரசொரப்பான கைகளுக்குள் கடைக்காரரின் கைகள் கூசிக் குறுகின. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் வாயை மட்டும் திறக்கவில்லை.

வெளியே வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. தச்சர் வழியனுப்ப வந்து, காருக்கு முன்னால், சுவரோரமாக நின்றார்.

"லைட்டைப் போட்டுப் பின்னாடி எடுங்க சார். இந்தச் சந்துல ஒண்ணும் தெரியாது."

"பரவால்ல, பழக்கம்தான்" என்றார் கடைக்காரர். சாவியைத் திருகினார்.

"அட, போடுங்க சார். சாக்கடை தொறந்து கெடக்கு."

போட்டார்.

மங்கிய மஞ்சள் வெளிச்சம் தச்சர் மேல் விழுந்தது. அவருக்குக் கண் கூசவில்லை, கையைத் தூக்கவில்லை. பின்னால் வெள்ளைச் சுவரில் அவருடைய நிழல் விழுந்தது.

பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.

தூக்கிய கையோடு, அதே உயரத்தில், இரண்டு வளையங்களோடு.

 அத்தனை நாளும் இறங்காத அந்தக் கை, இப்போது மெல்ல இறங்கியது. இறங்கி, பக்கத்து நிழலின் தோள் மேல் போய் உட்கார்ந்தது. வளையங்கள் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து, தச்சருடைய நிழலின் காதோடு ஒட்டின.

தச்சர் தலையைச் சாய்த்தார். பக்கத்தில் இருக்கிறவர் மெதுவாகப் பேசுவதைக் கேட்கிற மாதிரி சாய்த்தார். முகத்தில் பயம் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றார். சந்தில் ஒரு இலை அசையவில்லை. எங்கிருந்தோ ஈரப் பாறையின் வாடை வந்தது.

பிறகு நிமிர்ந்து காரைப் பார்த்தார். விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் சுற்றி வந்து, ஓட்டுகிறவரின் பக்கம் நின்று, விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

தச்சர் குனிந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பழைய லைட்டை எப்ப சார் திரும்ப மாட்டுனீங்க?"

வெளிச்சத்தில் இப்போது யாரும் நிற்கவில்லை. சுவரில் ஒரு நிழல் நின்றது, கையைத் தொங்கவிட்டபடி, கடைக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க.